தராசு மூன்று தடவை நின்றது

போன வாரம் ஒரு பெண் ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்க வந்தாள், முப்பது வயதிருக்கும். இடுப்பில் டேப்பைச் சுற்றும்போதே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். எல்லோரும் செய்வதுதான். நானும் ஏதாவது ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பேன், அவர்கள் மறந்துபோய் மூச்சை விடும்போது சட்டென்று அளவைக் குறித்துக்கொள்வேன். இவள் விடவே இல்லை. கடைசியில் அவளே சொன்னாள்: நாலு மாதத்துக்கு முன் எடை குறைய வயிற்றில் ஆபரேஷன் செய்திருக்கிறாள், நான் செய்துகொண்ட அதே பைபாஸ், ஐந்து வாரமாக எடை நகரவில்லையாம். "உங்களுக்கும் நின்னுச்சா ஆன்ட்டி?"

நின்றது. மூன்று தடவை. அவளிடம் நின்றபடியே சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு பாதியில் கரன்ட் போய்விட்டது, மீதியைச் சொல்லவில்லை.

நான் மதுரைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து பத்தொன்பது வருடம். இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் வீட்டுக் கராஜில்தான் என் தையல் மெஷின். வீட்டுக்காரர் குடும்பம் இந்த ஊரில் நாலாவது தலைமுறை. 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து நம் ஆட்கள் இங்கே கரும்பு வெட்டினார்கள், இப்போது வீட்டுக்கு ரெண்டு பேருக்குச் சர்க்கரை வியாதி. இங்கே இங்கிலீஷிலும் அதை வெறும் "சுகர்" என்றுதான் சொல்கிறார்கள். நான் கரும்புக் குடும்பத்தில் பிறக்கவில்லை, ஆனாலும் எனக்கும் வந்தது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 122 கிலோ, இன்சுலின் வேறு. 2023 மே மாதம் ஆபரேஷன். மெடிக்கல் எய்ட் (இந்த ஊர் மருத்துவ இன்சூரன்ஸ்) பாதிதான் கொடுத்தது, மீதிக்கு வைத்திருந்த நகை போனது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அதற்குப் பெயர் ரூ-என்-வை. ரூ என்பவர் சுவிட்சர்லாந்து சர்ஜன், வை என்பது குடலை இணைத்துத் தைக்கிற வடிவம். வயிற்றின் மேல்பக்கத்தில் சுமார் 30 மில்லி பிடிக்கிற அளவுக்கு ஒரு குட்டிப் பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலை வெட்டிக் கொண்டுவந்து அதில் நேராகச் சேர்த்துவிடுகிறார்கள். தொளதொள சட்டையை வெட்டிச் சின்னதாக்கி, கையை வேறு இடத்தில் வைத்துத் தைப்பது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார், தப்பு என்று சொல்லவில்லை.

முதல் தடவை நின்றது மூன்றாவது வாரத்தில். தண்ணீர், சூப், கரைத்த புரோட்டீன் மாவு, இவ்வளவுதான் சாப்பாடு, அதிலும் மூன்று மடக்குக்கு மேல் இறங்காது. முதல் ரெண்டு வாரத்தில் ஏழு கிலோ போய் 115-க்கு வந்தேன். அப்புறம் பன்னிரண்டு நாள் 115, 115, 115. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் சூப் குடிக்கிறவளுக்கு எடை குறையவில்லை என்றால் என்ன நினைப்பாள்? ஆபரேஷனே சரியாகச் செய்யவில்லை என்று நினைத்தேன். நாத்தனாருக்கு போன் போட்டு அழுதேன், அவர் "ஐயோ ஷேம், ஷேம்" என்றார் (இந்த ஊரில் அது திட்டு இல்லை, "அடப் பாவமே" என்பதற்கு அதுதான் வார்த்தை, வந்த புதிதில் நான் பல பேரிடம் தப்பாகக் கோபப்பட்டிருக்கிறேன்).

டயட்டீஷியன் பதறவே இல்லை. இந்த மூன்றாவது வாரத்து நிற்றல் அநேகமாக எல்லோருக்கும் வருமாம். ஈரலிலும் தசையிலும் உடம்பு கிளைகோஜன் என்று ஒரு மாவுச்சத்துச் சேமிப்பு வைத்திருக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு திடீரென்று நின்றதும் உடம்பு முதலில் அதைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது, தண்ணீரும் கூடவே போகிறது, நாம் ஏழு கிலோ போச்சு என்று குதிக்கிறோம். கொஞ்ச நாளில் உடம்பு சுதாரித்துக்கொண்டு அந்தச் சேமிப்பைத் திரும்ப நிரப்பப் பார்க்கிறது, தண்ணீர் திரும்ப வருகிறது. அதே நேரத்தில் கொழுப்பு பாட்டுக்கு உள்ளே கரைந்துகொண்டுதான் இருக்கிறது, தராசுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. இதற்கு மருந்து பொறுமை மட்டும்தான். பதிமூன்றாம் நாள் காலையில் ஒரே அடியாக ஒன்றரை கிலோ இறங்கியிருந்தது.

ரெண்டாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. அதற்கு 94 கிலோவில் ஒரு மெரூன் ஜாக்கெட் தைத்துக்கொண்டேன், பத்து வருடத்துக்கு அப்புறம் எனக்கென்று ஆசையாகத் தைத்தது. அன்றைக்கு நின்ற எடை அடுத்த பன்னிரண்டு வாரம் நகரவில்லை. இந்தத் தடவை பொறுமையெல்லாம் இல்லை. நானே டாக்டராகிவிட்டேன். சாப்பாட்டை இன்னும் குறைத்தேன், ராத்திரி வெறும் ரசம், சில நாள் அதுவும் இல்லை. டிசம்பரில் டர்பன் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், புழுக்கத்தில் சுவரே வியர்க்கும், நான் மெஷினுக்கு முன்னால் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. படியேறினால் கண் இருட்டியது.

அடுத்த செக்கப்பில் டயட்டீஷியன் நான் சாப்பிடுவதை எல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தார். நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன் வேண்டிய இடத்தில் நான் எடுத்தது 30 சொச்சம். திட்டினார், நன்றாகவே திட்டினார். அப்புறம் நிதானமாக விளக்கினார். 122 கிலோவில் நான் மாடிப்படி ஏறியபோது இப்போதைய என்னோடு கூடக் கிட்டத்தட்ட மூன்று பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிய மாதிரி. அந்த மூட்டையை இறக்கியாகிவிட்டது, அதனால் உடம்பு எரிக்கிற கலோரியும் குறைந்துவிட்டது. போதாததற்கு, பஞ்சம் வந்துவிட்டது என்று பயந்து உடம்பு தன் செலவைக் கணக்குக்கு மேலேயே சுருக்கிக்கொள்ளும். ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 வாலிபர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டுப் பார்த்திருக்கிறார். எடையில் கால் பங்கு போய், எல்லோருக்கும் குளிர், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சால்வை நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். நின்ற எடையைச் சாப்பாட்டைக் குறைத்து நகர்த்தப் பார்த்தால் கொழுப்போடு தசையும் கரையும், தசை போனால் எரிப்பு இன்னும் குறையும்.

அதற்குப் பிறகு தட்டில் முதலில் புரோட்டீன், இடம் இருந்தால் காய், அதற்கும் மேல் இடம் இருந்தால்தான் சோறு. பெரும்பாலும் சோற்றுக்கு இடம் இருக்காது. முட்டை, டின் மீன் குழம்பு, சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரி ஒரு பயறு) கறி, அமாசி என்கிற இந்த ஊர்க் கெட்டித் தயிர். மத்தியான நேரத்தில் கோழி பில்டாங். பில்டாங் என்றால் யோசிக்கவே வேண்டாம், நம் உப்புக்கண்டம்தான், பொடிப்பொடியாக வெட்டி நாற்பது தடவை மெல்ல வேண்டும். பிஸியோ ரப்பர் பட்டி கொடுத்தார், வாரத்துக்கு மூன்று நாள் அதை இழுத்தேன். சனிக்கிழமை காலையில் கடற்கரை நடைபாதையில் யூஷாகாவிலிருந்து புளூ லகூன் பக்கமாக முடிந்த மட்டும் நடந்தேன்.

எடை? அப்போதும் நகரவில்லை!

ஜனவரி கடைசியில் தைப்பூசம். பால்குடம் எடுக்க அந்த மெரூன் ஜாக்கெட்டைப் போட்டால் தோளில் நிற்கவில்லை, கைக்குழி தொங்குகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அது வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. நாள் முழுக்க ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் டேப் பிடிக்கிறவள், பத்து வாரமாக எனக்கு நானே ஒரு தடவை டேப் பிடித்துப் பார்க்கவில்லை, தராசைத்தான் தினமும் மூன்று வேளை மிதித்துக்கொண்டிருந்தேன். பிடித்துப் பார்த்தேன். மார்பு 43-லிருந்து 41½. இடுப்பில் ரெண்டு இஞ்ச் காணோம். அன்றைக்கு ராத்திரி ரெண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். தராசு அதற்கு அப்புறம் பத்து நாள் கழித்துத்தான் 93-ஐக் காட்டியது. இப்போது என் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கஸ்டமர் மாதிரி எனக்கும் ஒரு அளவுப் பட்டியல் இருக்கிறது, மாதம் ஒரு தடவை. தராசு வாரம் ஒரு தடவை, புதன்கிழமை காலை, அவ்வளவுதான். தினமும் ஏறினால் மலச்சிக்கலும் மாதவிடாய்த் தண்ணீரும்தான் ஏறி இறங்குவது தெரியும்.

மூன்றாவது நிற்றல் 2024 ஜூலையில். 87 கிலோ. இப்போது நான் அனுபவசாலியாயிற்றே, டேப்பை எடுத்தேன். டேப்பும் நகரவில்லை. அடுத்த மாதம் இடுப்பு அரை இஞ்ச் கூடியிருந்தது, தராசில் 89½. தைராய்டு, மாத்திரைகள் எல்லாம் டாக்டர் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம். பை விரிந்துவிட்டது என்றார் மாமியார், ஆடி மாதம் கோயிலில் ஊற்றுகிற கூழைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஒன்பது நாள், வாயில் போட்டதையெல்லாம் அதே ஆர்டர் நோட்டில் எழுதினேன். வாய்க்கு வெட்கம் இல்லை, பேனாவுக்கு இருக்கிறது. ரஸ்க். ஜூலைக் குளிரில் தைத்துக்கொண்டே டீ, டீயில் முக்கி ரஸ்க், காலையில் ரெண்டு, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ரெண்டு. இந்த ஊர் ரஸ்க் நம் ஊர் ரஸ்க் மாதிரி காற்று இல்லை, செங்கல், ஒன்றிலேயே நூறு கலோரிக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு கஸ்டமர் கொடுத்த முறுக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, ஆபரேஷன் செய்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நாலு துண்டு கோழி சாப்பிட்டால் எனக்கு நெஞ்சு வரை அடைத்துக்கொள்ளும், கெட்டியான சாப்பாடு அந்தக் குட்டிப் பையில் தங்கி மெதுவாகத்தான் இறங்கும். முறுக்கு, சிப்ஸ், மிக்ஸர், ஐஸ்கிரீம், டீயில் ஊறிய ரஸ்க் எல்லாம் கூழாகி வழுக்கிக்கொண்டு போய்விடும், பை நிறையவே நிறையாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் பொறு என்று முதல் நாளிலிருந்து சொல்கிறார்களே, அதுவும் இதற்காகத்தான். நானோ சாப்பாட்டோடு குடிக்கவில்லை, குடிக்கிறதோடு சாப்பிட்டேன். ஒரு கல்யாணத்தில் அரைக் கிண்ணம் பாயசத்துக்கு நெஞ்சு படபடத்து வியர்த்து மண்டபத்துப் பாத்ரூமில் அரை மணி உட்கார்ந்தவள் நான், அதனால் இனிப்பைத் தொடுவதில்லை. ரஸ்க் அப்படித் தண்டிக்கவில்லை, அதனால் அது குற்றம் என்றே தோன்றவில்லை.

டீயை நிறுத்தவில்லை, அதை நிறுத்தினால் தையலும் நின்றுவிடும். ரஸ்க் டப்பாவை மச்சினர் வீட்டுக்கு அனுப்பினேன். புரட்டாசி வந்தது, ஒரு மாதம் மாமிசம் இல்லை, பருப்பு, பன்னீர், சோயா, அமாசி என்று கணக்குப் பார்த்துச் சாப்பிட்டேன். தீபாவளிக்கு 86.

இன்றைக்கும் 86. ஒரு கிலோ ஏறும், ஒரு கிலோ இறங்கும். 75 வரை போக வேண்டும் என்று நான் போட்ட கணக்கை டாக்டரிடம் சொன்னேன். அவர் என் ஃபைலைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினார்: இந்த ஆபரேஷனில் பொதுவாக மொத்த எடையில் முப்பது சதவீதத்துக்குப் பக்கம் போகும், ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் போக வேண்டியது போய்விடும் என்று அவர் அன்றைக்கே எழுதியிருக்கிறார், அடியில் என் கையெழுத்து. 122-க்கு முப்பது சதவீதம் போட்டுப் பாருங்கள். இன்சுலின் ஊசி போய்விட்டது, முழங்கால் வலி போய்விட்டது, பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை மட்டும் சாகும் வரை. எடை மறுபடி ஏறினால் இப்போது வருகிற புது ஊசிகளைப் பற்றி யோசிக்கலாம் என்றார். எனக்கு 75 வராததில் வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஒரு ஜாக்கெட்டுக்கு வாங்கிய துணியில் ரெண்டு வராது என்று கஸ்டமரிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண்ணிடம் உங்களுடையது எந்த நிற்றல் என்று டேப்பைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், மூன்று நாள் சாப்பாட்டை எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். பேச்சு சுவாரஸ்யத்தில் எப்போதோ மூச்சை விட்டுவிட்டாள், 39 என்று குறித்துக்கொண்டேன். போகும்போது கதவருகில் திரும்பி, "உள்ளே துணி விட வேண்டாம் ஆன்ட்டி, நான் இன்னும் இளைப்பேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் விட்டுத்தான் வெட்டியிருக்கிறேன், என் மெரூன் ஜாக்கெட்டிலும் அவ்வளவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாங்க வருகிறாள்.