மணம் போன நாட்கள்

மார்ச் 3

சளி பிடித்து விட்டு நான்கு நாளாகிறது. மூக்கடைப்பு இல்லை, மூச்சு தாராளமாகப் போகிறது. ஆனால் காலையில் குடித்த காபி வெறும் கசப்பு வெந்நீராக இருந்தது. சோப்பு, பற்பசை, எலுமிச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனேன். எதிலும் மணமே இல்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 5

ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். இனிப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. ஆரஞ்சு மட்டும் தெரியவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி: சுவை மொட்டுகள் நன்றாக அறிவது இந்த ஐந்தைத்தான். (உமாமி என்பது காளான், தக்காளி போன்றவற்றில் தெரியும் ருசி. அதைப் பிரித்துக் காட்டியவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, 1908-ல்.) மெல்லும்போது உணவிலிருந்து கிளம்பும் ஆவி தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்கின் கூரைக்கு ஏறுகிறது. ஆரஞ்சை ஆரஞ்சாக்குவது அதுதான். இத்தனை வருடமும் நாக்கு சொல்கிறது என்று நான் நம்பியதில் பெரும்பங்கு மூக்கு சொன்னது.

மார்ச் 6

மிளகாய் கடித்தேன். காரம் குறையவே இல்லை! அறுசுவையில் காரத்தையும் சேர்த்து எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆனால் அதை உணர்வது சுவை மொட்டு அல்ல, சூட்டையும் வலியையும் அறியும் நரம்பு. கொதிக்கும் பானம் சுடும்போது விழித்துக்கொள்ளும் அதே உணரியைத்தான் மிளகாயும் தூண்டுகிறது. வாய் 'எரிகிறது' என்று சொல்வது எவ்வளவு சரியான சொல்! புதினா குளிர்வதும் இப்படித்தான், அதற்கு வேறொரு உணரி.

மார்ச் 9

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்திருக்கிறேன். இன்று நுனியில் உப்பை வைத்தேன், தெளிவாகக் கரித்தது. அந்தப் படம் தவறு. சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் ஐந்தையும் அறியும்.

மார்ச் 14

மருத்துவரைப் பார்த்தேன். வைரஸ் மூக்கின் மேற்பகுதியில் உள்ள மெல்லிய சவ்வைத் தாக்கியிருக்கலாம், அங்குள்ள நரம்பு செல்கள் மறுபடி வளரக்கூடியவை, பொறுமை வேண்டும் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு எண்ணெய்களைத் தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றையும் சில விநாடி, கவனத்தோடு முகரச் சொன்னார்.

மணத்தை அறியும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 400 வகை. அவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-ல் கண்டுபிடித்தார்கள், 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணத்துக்கு ஒரு ஏற்பி என்று கணக்கில்லை. எழுத்துகள் கூடிச் சொல்லாவது போல, எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பதை வைத்து மூளை மணத்தைப் படிக்கிறது.

ஏப்ரல் 20

காபி நாறுகிறது. ரப்பர் கருகியது போல, வாயருகே கொண்டுபோக முடியவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். மணம் திரும்பும் வழியில் பலருக்கு இப்படி நேரும் என்றார். சரி, நாற்றமாவது வந்ததே.

மே 11

காலையில் மூன்றாவது புட்டியைத் திறந்தேன். கிராம்பு! பெயர் மனதில் வருமுன்பே சிறுவயதுப் பல்வலி வந்துவிட்டது. பஞ்சில் தொட்ட கிராம்பு எண்ணெயை அப்பா என் ஈறில் அழுத்திப் பிடித்தது வந்தது. மணச் செய்தி மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மிகக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது என்று படித்திருந்தேன். கண் கலங்கிவிட்டது.

இரண்டு மூச்சுதான். மூன்றாவதில் ஒன்றுமில்லை. புட்டியை இறுக மூடி வைத்திருக்கிறேன், இரவு மறுபடி திறக்க வேண்டும்.