கண்டமங்கலம் வழியே கூச் பிகார்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வளவனூரைத் தாண்டியபின் மதகடிப்பட்டில் புதுச்சேரி வந்துவிடும்; திருபுவனை முடிந்ததும் கண்டமங்கலத்தில் மறுபடியும் தமிழ்நாடு; அரியூர், வில்லியனூர் என்று திரும்பவும் புதுச்சேரி. பயணிகள் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மதுக்கடைப் பலகைகள் திடீரென்று பெருகுவதையும் குறைவதையும் வைத்துத்தான் எந்த ஆட்சிப் பகுதியில் இருக்கிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லைகளைப் பற்றிய ஆய்வுகளைச் சில ஆண்டுகளாக விடாமல் படித்துவரும் எனக்கு, இந்த வழியில் போகும்போதெல்லாம் மேற்கு வங்கத்தின் கூச் பிகார் நினைவுக்கு வருகிறது. அங்கும் நிலம் இப்படித்தான் துண்டு துண்டாகக் கிடந்தது. ஆனால் அங்கே ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போனவர்கள் சிறைக்குப் போக நேர்ந்தது.

இந்திய வங்கதேச எல்லையில் இருந்த அந்தத் துண்டுகளுக்கு வங்காளத்தில் சிட்மகால் என்று பெயர். சிட் என்றால் துண்டு. மகால் என்பது இங்கே அரண்மனை அல்ல, வருவாய்க் கணக்கில் வரும் நிலப்பிரிவு. கூச் பிகார் மகாராஜாவும் ரங்பூரை ஆண்ட முகலாய அதிகாரியான பௌஜ்தாரும் சதுரங்கம் ஆடி, ஊர்களையே பணயமாக வைத்துத் தோற்றதால் இப்படி ஆயிற்று என்றொரு கதை உண்டு. பத்திரிகைகள் இன்றுவரை இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன. மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2002இல் இந்தத் துண்டுகளின் வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு விரிவாக எழுதிய பிரெண்டன் வைட், கதையை ஒதுக்கிவிட்டு 1711 முதல் 1713 வரை முகலாயர்களுக்கும் கூச் பிகாருக்கும் நடந்த உடன்படிக்கைகளைக் காட்டுகிறார். முகலாயர் கைப்பற்றிய பகுதிகளுக்குள் கூச் பிகாரின் ஆட்கள் சில நிலங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூச் பிகாருக்குள் முகலாயப் படையினர் சிலரிடமும் அப்படியே நிலம் தங்கிவிட்டது. சண்டை ஓய்ந்தபோது அவரவர் கையில் இருந்தது அவரவருக்கு என்று ஆனது. வரியை ஓர் அரசனுக்குக் கட்டிவிட்டுச் சந்தைக்கு இன்னோர் அரசனின் ஊருக்குப் போவது, அக்காலத்து இந்தியாவில் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றியிருக்காது.

1947 ஆகஸ்டிலும்கூட இது விசித்திரம் ஆகிவிடவில்லை. அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி முதன்முறையாக இந்தியாவில் கால் வைத்து, ஐந்தே வாரங்களில் வங்காளத்தையும் பஞ்சாபையும் பிரித்துக் கொடுத்த ராட்கிளிஃப், பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களுக்கு மட்டுமே பொறுப்பானவர். கூச் பிகார் சமஸ்தானம். அதைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. கூச் பிகார் 1949இல் இந்தியாவோடு இணைந்து, 1950 ஜனவரி 1 அன்று மேற்கு வங்கத்தின் மாவட்டமானது. ஒரு சமஸ்தானம், ஒரு பிரிட்டிஷ் மாவட்டம் என்று இரண்டு கணக்குப் புத்தகங்களில் இருந்த துண்டுகள் இவ்வாறு இரண்டு தேசங்களின் துண்டுகளாயின. அப்போதும் மக்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1952 அக்டோபர் 15 அன்று இரு வங்காளங்களுக்கும் இடையே பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமானபோதுதான் வழி அடைபட்டது. தன் துண்டைவிட்டு வெளியே வர விசா வேண்டும். அந்த விசாவை வாங்க வேண்டுமென்றால், விசா இல்லாமல் அயல்நாட்டு மண்ணைக் கடந்து சொந்த நாட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அந்த எல்லை பிறந்த நாள் எது என்று யாராவது என்னைக் கேட்டால், 1713ஐயும் 1947ஐயும் விட்டுவிட்டு 1952 என்றுதான் சொல்வேன்.

எல்லையைப் பற்றிய படிப்பு நெடுங்காலம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அது தளபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் உரிய கலையாக இருந்தது. 1907இல் ஆக்ஸ்ஃபோர்டில் எல்லைப்புறங்களைப் பற்றிப் புகழ்பெற்ற உரையை ஆற்றியவர் கர்சன் பிரபு. அதற்கு இரண்டே ஆண்டுகள் முன்னால் வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அதே கர்சன். 1976இல் அமெரிக்க மெக்சிகோ எல்லையை ஆராய்ந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டபின் பார்வை மெல்ல மாறியது. என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது பீட்டர் சாலின்ஸ் 1989இல் வெளியிட்ட பிரனீஸ் மலை ஆய்வு. 1659இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, செர்டானியா பள்ளத்தாக்கின் 33 கிராமங்கள் பிரான்சுக்குப் போயின; லிவியா கிராமம் அல்ல, நகரம் என்ற வாதத்தால் அது மட்டும் பிரான்சின் நடுவே ஸ்பெயினாக நின்றுபோனது, இன்றும் நிற்கிறது. பாரிசும் மாட்ரிடும் தேசிய உணர்வைக் கொண்டுவந்து கிராமத்தார்மேல் இறக்கிவைத்ததாகத்தான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். மேய்ச்சலுக்கும் வாய்க்கால் நீருக்கும் பக்கத்து ஊரோடு மல்லுக்கு நின்ற விவசாயிகளே தங்கள் வழக்குக்கு வலுச்சேர்க்க பிரெஞ்சுக்காரன், ஸ்பானியன் என்ற அடையாளத்தைக் கையில் எடுத்தார்கள் என்று சாலின்ஸ் காட்டினார். வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த எவருக்கும் இது உடனே விளங்கும்.

வங்காளத்தில் இதே வேலையைச் செய்தவர் ஆம்ஸ்டர்டாம் வரலாற்றாளர் வில்லெம் வான் ஸ்கெண்டல். இரு அரசுகளும் எட்டிப் பார்க்காத அந்தத் துண்டுகளில் காவல் நிலையம் இல்லை, நீதிமன்றம் இல்லை, பள்ளி இல்லை. மின்கம்பி தலைக்குமேல் போகும், விளக்கு எரியாது. அங்கே மக்கள் தாங்களாகவே மன்றம் அமைத்து, தலைவரைத் தேர்ந்தெடுத்து, வழக்குகளைத் தீர்த்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வெளியே இருக்கும் யாரையாவது தகப்பன் என்று எழுதினார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் வேறொருவரைக் கணவன் என்று சொன்னார்கள். ஒரு நாட்டின் எல்லை இந்த அளவுக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த இடம் வேறெங்காவது உண்டா என்று தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் உலகம் ரசித்தது வேறொன்றை. தஹாலா காக்ராபாரி என்பது வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் இருந்த இந்திய நிலம். சுமார் 1.7 ஏக்கர், ஒரு சணல் வயல். மூன்றடுக்குத் துண்டு உலகிலேயே இது ஒன்றுதான் என்று வரைபடப் பிரியர்கள் கொண்டாடினார்கள். நானும் ஒரு காலத்தில் கொண்டாடியவன்தான். அதன் உரிமையாளர் சுற்றியிருந்த துண்டில் குடியிருந்த வங்கதேச விவசாயி. அந்த வயலுக்குள் வீடே இல்லை. வினாடி வினாவில் இடம் பிடித்தது அந்த வயல். இந்தியாவால் சூழப்பட்ட வங்கதேசத் துண்டான தாஹாகிராமுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. 178 மீட்டர் நீளமும் 85 மீட்டர் அகலமும் கொண்ட தீன் பீகா என்ற வழியை, வங்கதேசத்தோடு சேர்வதற்காக, இரு நாடுகளின் 1974 எல்லை ஒப்பந்தம் அந்த ஊருக்கு வாக்களித்தது. திறந்தது 1992 ஜூன் 26இல். அப்போதும் பகலில் ஒரு மணி நேரம் திறப்பார்கள், ஒரு மணி நேரம் மூடுவார்கள். நாள் முழுவதும் திறந்திருக்கும் என்றானது 2011இல்.

அந்த 1974 மே 16 ஒப்பந்தம் இந்திராவும் வங்கதேசப் பிரதமர் முஜிபும் கையெழுத்திட்டது. வங்கதேசம் அதே ஆண்டு ஏற்பளித்தது. இந்தியா 41 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. காரணங்களில் ஒன்று, மேற்கு வங்கத்தின் பேருபாரியைப் பிரித்துப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து: இந்திய நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தியாக வேண்டும். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பொறி தட்டும். அதே 1974 ஜூனில், இந்த ஒப்பந்தத்துக்குச் சுமார் ஆறு வாரங்கள் கழித்துக் கையெழுத்தானதுதான் கச்சத்தீவு உடன்பாடு. அதற்குத் திருத்தம் எதுவும் இல்லை. பேருபாரியைச் சுட்டித்தான் ஜெயலலிதா 2008இல் உச்ச நீதிமன்றம் போனார். கச்சத்தீவு உரிமை தீர்மானிக்கப்படாத தீவு, எனவே கொடுத்ததாகவே ஆகாது என்பது மத்திய அரசின் நிலை. சணல் வயலுக்குத் திருத்தம் தேவைப்பட்டது, தீவுக்குத் தேவைப்படவில்லை.

சிட்மகால்களுக்கான நூறாவது திருத்தம் 2015இல் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் 111 இந்தியத் துண்டுகள், 17,160 ஏக்கர், வங்கதேசமாயின. 51 வங்கதேசத் துண்டுகள், 7,110 ஏக்கர், இந்தியாவாயின. 2011இல் இரு நாடுகளும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி முந்தையதில் 37,334 பேரும் பிந்தையதில் 14,215 பேரும் இருந்தார்கள். விரும்பிய நாட்டைத் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியப் பக்கத்திலிருந்து வங்கதேசம் போனவர் ஒருவரும் இல்லை. அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு அறுபத்தெட்டு மெழுகுவத்திகள் ஏற்றினார்கள். வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது தின்ஹாட்டாவிலும் மேக்லிகஞ்சிலும் ஹல்திபாரியிலும் போடப்பட்ட தகரக் கொட்டகை முகாம்கள்.

துண்டுகள் ஒழிந்தபின் அங்கே எல்லை ஆய்வுக்கு வேலை இல்லை என்று எண்ணியிருந்தேன். வேலியைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் இரு நாடுகளும் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்று 1975இல் ஒரு வழிமுறை வகுத்துக்கொண்டார்கள். ஆகையால் இந்தியா தன் முள்வேலியைப் பெரும்பாலும் 150 கஜம் உள்ளே தள்ளிப் போட்டது. 4,096 கிலோமீட்டர் எல்லையில் அந்த 150 கஜம் வெற்று நிலம் அல்ல. அதில் இந்தியர்களின் வயல்கள் இருக்கின்றன, சில இடங்களில் வீடுகளும் இருக்கின்றன. காலையில் வேலிக் கதவு திறக்கும். விவசாயி தன் அடையாள அட்டையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, இந்தியாவிலிருந்து இந்தியாவிலேயே இருக்கும் தன் வயலுக்குப் போகிறார். மாலையில் கதவு மூடுவதற்குள் திரும்பி வந்து அட்டையை வாங்கிக்கொள்கிறார்.