கடப்பிதழ் (பாஸ்போர்ட்) ஆபீஸ் பெட்டியில் ஏன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நம் தாத்தாக்கள் பால்மரம் (ரப்பர்) வெட்டிய தோட்டங்களில் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). குலை அறுப்பவர்கள் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். அவர்களோடு வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவரிடம் போன வாரம் பேசினேன், "கடப்பிதழ் ஆபீஸ்ல இருக்குண்ணே, கேட்டா திட்டுவாங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ் சட்டப்படியே குற்றம். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்பார்கள், சரி, அப்படியானால் கேட்டவுடன் கொடுக்க வேண்டியதுதானே? பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது, வேலையை விட்டால் இங்கே தங்கும் உரிமையே போய்விடும், ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் வேறு, அப்புறம் அந்தப் பையன் எங்கே போய் வாயைத் திறப்பான்?

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது, தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதேதான். 2019 முதல் அவர்களுக்கு வேலையிடத்து விபத்துக்கு சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டு. முள் கண்ணில் குத்தினால், குலை மேலே விழுந்தால் கேட்டு வாங்க வேண்டியது இது.

சம்பளச் சீட்டை மாதாமாதம் போனில் படம் பிடித்து வை தம்பி என்றேன். தொழிலாளர் இலாகாவுக்குப் போவதென்றால் மலாய் பேச நானே கூட வருவேன்.