மைனஸ் 40 டிகிரியில் மதுரை

ஸ்பார்க் பிளக் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலியை என் மாமனாரால் ஜீரணிக்க முடியவில்லை. "மூணு பிளக்கைக் கழட்டி மூணு பிளக்கை மாட்டணும். இதுக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு?" என்று பொருமிக்கொண்டே இருந்தார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். பிளக்கெல்லாம் மேலேயே இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை உருவினால் வேலை பாதி முடிந்த மாதிரிதான். கடைசியில் தானே மாற்றிவிடுவதென்று இறங்கிவிட்டார்.

அக்னி நட்சத்திர ஞாயிறு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. "மாப்ள, உடனே வாங்க. டேஷ்போர்டுல சித்திரைத் திருவிழாவே நடக்குது."

போனால், சாவியை ஆன் செய்து வைத்துவிட்டு, எரிகிற விளக்குகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். ஆயில், பேட்டரி, ஏர்பேக், ஏபிஎஸ் என்று மளிகைச் சாமான் பட்டியல் நீளத்துக்கு வந்திருந்தது.

"ஸ்டார்ட் பண்ணீங்களா மாமா?"

"இத்தனை எரியுறப்ப எப்படிப்பா ஸ்டார்ட் பண்றது?"

சாவியைத் திருப்பினதும் எல்லா விளக்கும் எரிந்தால்தான் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பல்பு வேலை செய்கிறதா என்று வண்டி தானே பார்த்துக்கொள்கிறது. ஆயில், பேட்டரி விளக்குகள் என்ஜின் ஓடினால்தான் அணையும். வாங்கின நாளிலிருந்து இப்படித்தான் எரிகிறது என்றேன். அவர் நம்பவில்லை.

ஸ்டார்ட் செய்தேன். பட்டியலில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தது. ஆனால் கண்ணாடியில் தொங்கிய பிள்ளையார் ஆடத் தொடங்கினார். வண்டி மிஸ்ஸிங் அடித்தது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. செக் என்ஜின் லைட் மட்டும் விட்டு விட்டு மின்னியது. உடனே அணைத்துவிட்டேன். அந்த லைட் நிலையாக எரிந்தால் பதமாக ஓட்டி மெக்கானிக்கிடம் போய்விடலாம். மின்னினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். மிச்சம் பிடித்த கூலியெல்லாம் அதன் விலைக்கு முன் கொசுறு.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முதல் மாடிக்காரர் பானட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், "இசியூ போயிருக்கும் சார்" என்றார். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரைத்தான் சொன்னார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு அண்ணன், "எங்க வண்டியில லைட்டே எரியாது தம்பி. நிம்மதியா ஓட்டுனோம்" என்றார். லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னதும் அவர்தான். கறுப்பு டேப் யோசனை சொல்ல எல்லாத் தெருவிலும் ஓர் ஆள் உண்டு.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் என்னுடைய புளூடூத் ஸ்கேனரைச் சொருகினேன். போனில் இரண்டு கோடுகள், அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்கள், வந்தன: பி0303, பி0113.

முதலாவது எளிது. மிஸ்ஸிங்குக்கான கோடு அது; கடைசி 03 என்றால் மூன்றாவது சிலிண்டர். அந்தக் காயிலின் கனெக்டர் பார்க்கப் பொருந்தியிருந்தது, ஆனால் லாக் விழவில்லை. கட்டை விரலால் அழுத்தினேன். 'டக்' என்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது பிள்ளையார் அசையவில்லை. லைட்டும் மின்னாமல் நிலையாக எரிந்தது.

இரண்டாவது, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சர் பற்றியது. நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டுவிட்டார். "இருங்க மாமா" என்று ஸ்கேனரில் அந்தச் சென்சர் என்ன அளவு காட்டுகிறது என்று பார்த்தேன். மைனஸ் 40 டிகிரி! வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில்.

"அது ஃபாரன்ஹீட்டா இருக்கும் சார்" என்றார் முதல் மாடி. மைனஸ் 40 மட்டும் இரண்டிலும் ஒன்றுதான் என்றதும், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மோர் கொண்டுவந்த அத்தை, "ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ரெண்டு வருஷமாக் கேக்குறேன். பேசாம கார்லயே உக்காந்திருக்கலாம் போல" என்றார்.

இந்தச் சென்சரில் குளிர் ஏற ஏற மின்தடையும் ஏறும். வயரே மாட்டாமல் விட்டால் தடைக்கு எல்லையே இல்லை, எனவே வண்டி அதைத் துருவப் பிரதேசக் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். கோடு எந்த இடத்தில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது, சென்சரை மாற்று என்று சொல்லவில்லை. ஃபில்டர் பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ரப்பர் குழாய்க்குப் பின்னால், இரண்டு வயர் கொண்ட சின்னக் கனெக்டர் அநாதையாகத் தொங்கியது.

"அதை நான் கழட்டவே இல்லை மாப்ள."

"தானாக் கழண்டிருக்கும் மாமா" என்றேன். மாப்பிள்ளை முறை அப்படி.

மாட்டியதும் 41 டிகிரி காட்டியது. லைட் உடனே அணையவில்லை. கோளாறு இல்லாமல் மூன்று முறை வண்டி ஓடி நின்றால்தான் பொதுவாக அது தானாகப் போகும். அதுவரை மாமா பொறுப்பாரா? ஸ்கேனரிலேயே கோடுகளை அழித்துவிட்டேன்.

ஸ்கேனர் இப்போது மாமாவிடம்தான் இருக்கிறது. தெருவில் யார் கார் நின்றாலும் சொருகிப் பார்க்கிறார். போன வாரம் "பிரேக் பேடையும் நாமளே..." என்று ஆரம்பித்தாராம். அத்தை ஸ்பேனர் செட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார்.