பாக்ஸ் போயிடுச்சு

"பாக்ஸ் போயிடுச்சுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் பலர் எங்கள் ஒர்க்ஷாப் வாசலில் வந்து இறங்குவார்கள். ஏசி குளிரவில்லை என்றால் குளிரவில்லை என்பார்கள், பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பார்கள். கியர் பாக்ஸ் விஷயத்தில் மட்டும் நோயைச் சொல்லாமல் நேராக சாவுச் செய்தி. யாரோ முன்பே அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற இன்னொரு மெக்கானிக்.

ஒரு கார்த்திகை மாதம், கோயமுத்தூரில் மழை ஓய்ந்த வாரத்தில், வயதான தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முழங்கால் வலியோடு கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கார். ஆறு கியர், இஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த பாக்ஸ், 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கையில் ஒரு எஸ்டிமேட் தாள். வேறொரு இடத்தில் பாக்ஸையே மாற்றச் சொல்லி 1,85,000 ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"என்ன பண்ணுதுங்க சார்?"

"பாக்ஸ் போயிடுச்சுங்க."

"அது இருக்கட்டுங்க. வண்டி என்ன பண்ணுது?"

கொஞ்சம் யோசித்துச் சொன்னார். காலையில் லீவரை 'டி'யில், அதாவது முன்னால் ஓட்டும் இடத்தில், போட்டால் டொக்கென்று இடிக்கிறது. கிளம்பும்போது இழுவையே இல்லை, யாரோ பின்னால் பிடித்துக்கொண்ட மாதிரி. வேகம் எடுத்துவிட்டால் ஓடுகிறது. மீட்டரில் 'டி' என்ற எழுத்து சில சமயம் வருவதில்லை. மத்தியானத்துக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. பாக்ஸுக்குள் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குணமாவதில்லை. எண்ணெய் சூடாகி இளகினால் பிரஷர் குறையும், நழுவல் கூடத்தான் செய்யும். உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போன பாக்ஸ் இதற்கு நேர்மாறு, குளிரில் அடம்பிடித்து சூட்டில் வழிக்கு வரும். ஆனால் அதற்கு பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் போதும், உச்சி வெயில் வரை காத்திருக்காது. வெயில் ஏறினால் சரியாகிறது என்றால், எங்கேயோ ஈரம் காய்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குள் நாலு விதமான பெட்டிகள் இருக்கின்றன. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து நம் ஊரில் பிரபலமான ஏஎம்டி, உண்மையில் சாதா கியர் பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதிலாக ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ மிதிக்கிறது. சிவிடியில் கியரே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். இரட்டைக் கிளட்ச் வைத்தது ஒரு ரகம். டார்க் கன்வெர்ட்டரும் பிளானட்டரி கியரும் வைத்த பழைய ரகம் நாலாவது. ஏஎம்டிக்காரர் மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் கருகும். டார்க் கன்வெர்ட்டர்காரர் அதையே செய்தால் எண்ணெய் சூடாகும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் கெட்டது. சிவிடி பாக்ஸில் சாதா ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

சரி, சார் வண்டிக்கு வருகிறேன். முதலில் எண்ணெய். இந்தப் பாக்ஸுக்கு அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் இல்லை. வண்டியை லிஃப்டில் சமமாக ஏற்றி, இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெயின் சூட்டை, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்து, கம்பெனி சொன்ன டிகிரிக்கு வரும்போது அடியில் உள்ள லெவல் போல்ட்டைத் திறக்க வேண்டும். மெல்லிசாகச் சொட்டினால் அளவு சரி. சொட்டியது. வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் மங்கிய சிவப்பு, கருகல் வாசனை இல்லை, பொடி இல்லை. தண்ணீர் உள்ளே போயிருந்தால் எண்ணெய் ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். அப்படி ஆன பாக்ஸில் கிளட்ச் பிளேட்டின் காகித லைனிங் பசை விட்டு உரிந்துவிடும், காப்பாற்றுவது கஷ்டம். இது ரோஸ் மில்க் இல்லை. பாதி பயம் போயிற்று.

அடுத்தது ஸ்கேனர். பழைய எஸ்டிமேட்டில் 'பி 0700' என்று ஒரே ஒரு பழுதுக் குறியீடு எழுதியிருந்தார்கள். அது நோயின் பெயரே இல்லை. "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்கிறது, அங்கே போய்க் கேள்" என்று இஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லும் சேதி, அவ்வளவுதான். மலிவான ஸ்கேனர்கள் இஞ்சினை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். பக்கத்து அறைக் கதவைத் தட்டாமலேயே வீடு காலி என்று சொல்கிற மாதிரி. கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போனதும் 'பி 0705' இருந்தது. லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்விட்சின் சிக்னல் சரியில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் இளவயதில் நான் இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது குதிப்பதில்லை. அதற்குக் காரணம் பல வருடங்களுக்கு முன்னால் வந்த இன்னொரு வண்டி.

ஸ்கூலுக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டு வண்டி அது. அறுபதில் சீராகப் போகும்போது கரடுமுரடான ரோட்டில் போவது போல ஒரு நடுக்கம். அந்த வேகத்தில்தான் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இறுகி, இஞ்சினையும் பாக்ஸையும் நேராக இணைக்கும். அது தேய்ந்தால் இப்படி நடுங்கும். அதற்கு ஒரு பரிசோதனை உண்டு. ஆக்சிலேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபடும், நடுக்கம் நிற்கும். தொட்டேன். நின்றது. "கன்வெர்ட்டர்தான்" என்று சொல்லிப் பாக்ஸை இறக்கிவிட்டேன். மூன்று நாள் வேலை. வேறு கன்வெர்ட்டர் போட்டு ஏற்றி டிரையல் போனால் அதே அறுபதில் அதே நடுக்கம்.

கடைசியில் அது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு இக்னிஷன் காயில். லோடு ஏறும்போது மட்டும் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப் போயிருக்கிறது. லாக்-அப் இறுகியிருக்கும்போது அந்த உதறல் அப்படியே சீட்டுக்கு வரும். லாக்-அப் விடுபட்டால் நடுவில் இருக்கும் எண்ணெய் அதை விழுங்கிவிடும். நான் நம்பிய பிரேக் பரிசோதனை பொய் சொல்லவில்லை, நான்தான் அது சொன்னதில் பாதியை மட்டும் கேட்டேன். லாக்-அப் இறுகியிருக்கும்போது இஞ்சின் சுற்றுக்கும் பாக்ஸின் உள்சுற்றுக்கும் வித்தியாசம் ஆடுகிறதா, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஸ்கேனரில் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆடினால் கிளட்ச். நின்றால் இஞ்சின் பக்கம் தேட வேண்டும். வண்டிக்காரரிடம் உள்ளதைச் சொல்லி, காயிலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டேன். கன்வெர்ட்டர் காசு என் தலையில். அவர் கோபப்படவில்லை. "மூணு நாள் பசங்க ஆட்டோல போனாங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால் சார் வண்டியில் பழுதுக் குறியீட்டைப் பார்த்ததும் ஸ்விட்ச் வாங்கப் பையனை அனுப்பவில்லை. ஸ்கேனரில் லீவரின் நிலையை ஓடவிட்டுக்கொண்டு, லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். எல்லாம் சரியாகக் காட்டியது. மத்தியானம் ஆகிவிட்டதே, காட்டத்தானே செய்யும். வண்டியை ராத்திரி விட்டுப் போகச் சொன்னேன்.

அவர்கள் ஆட்டோவில் ஏறும்போதுதான் சாரின் மனைவி, அந்த அம்மா, திரும்பி, "தம்பி, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமான்னு தெரியலை. சில நாள் காலையில வண்டி ஸ்டார்ட்டே ஆகறதில்லை. லீவரை நியூட்ரலுக்கு, அந்த 'என்'ல, தள்ளினா ஆகும். இவரு பேட்டரின்னு சொல்றாரு" என்றார்.

"எப்ப இருந்துங்கம்மா?"

"லங்கா கார்னர் பாலத்துக்கடியில தண்ணியில போனோம்ல, அதுக்கப்புறம்தான்."

சார் அம்மாவைப் பார்த்த பார்வையில், தண்ணீருக்குள் காரை விட்ட விஷயம் வெளியே சொல்லக் கூடாத வீட்டு ரகசியம் என்று புரிந்தது. கோவைக்காரர்களுக்கு லங்கா கார்னரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழைக்கே அந்த ரயில்வே பாலத்தின் அடியில் தண்ணீர் கட்டி நிற்கும்.

பார்க்கிங் என்ற 'பி'யில் ஸ்டார்ட் ஆகாமல் 'என்'னில் ஆகிறது என்றால் பேட்டரிக்கு அதில் பங்கில்லை. லீவர் 'பி'யிலோ 'என்'னிலோ இருப்பதாக அந்த ஸ்விட்ச் சொன்னால்தான் ஸ்டார்ட்டருக்கு அனுமதி கிடைக்கும். லீவர் எங்கே இருக்கிறது என்று புரியாமல் போனால் கம்ப்யூட்டர் வம்பே வேண்டாம் என்று ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும், இந்த வண்டியில் மூன்றாவது. மூன்றாவதில் கிளம்பினால் இழுவை எங்கிருந்து வரும்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பாக்ஸ் செய்ததைத்தான், பாக்ஸ் செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஸ்கேனரை மாட்டினேன். லீவர் 'டி'யில் இருந்தது, திரையில் எழுத்துக்குப் பதிலாக வெறும் சிறுகோடு நின்றது. ஸ்விட்சில் வயர் சேரும் கப்ளரைக் கையால் லேசாக ஆட்டினால் 'டி' வந்து வந்து போனது. பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டால் ஸ்விட்ச் கைக்கு எட்டும். கப்ளரைப் பிரித்தபோது இரண்டு பின்கள் பச்சைப் பாசி பிடித்திருந்தன, தேங்காய் எண்ணெய் விட்ட பித்தளைப் பாத்திரம் மாதிரி. ஸ்விட்சுக்குள்ளும் ஈரம். சுத்தம் செய்து பார்க்கலாம்தான், ஆனால் இந்த வகை ஸ்விட்சைச் சுத்தம் செய்து மாட்டினால் அடுத்த மழையில் திரும்பி வரும். புது ஸ்விட்ச், இரண்டு பின், லீவரை 'என்'னில் வைத்துக் குறி பொருத்தி இறுக்கினோம். கூலியோடு 11,000 ரூபாய் வந்தது. பாக்ஸில் வேறு ஒரு போல்ட்டையும் கழற்றவில்லை, லெவல் போல்ட்டையும் அந்த ஸ்விட்சின் போல்ட்டுகளையும் தவிர.

எண்ணெய் மாற்றலாமா என்று சார் கேட்டார். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சில கம்பெனிகள் சொல்வதுண்டு. அந்த ஆயுள் யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை. நம் வெயிலிலும் நெரிசலிலும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வடித்து ஊற்றிவிடுவது என் பழக்கம். மெஷின் வைத்து முழுசாகக் கழுவுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஒருதரம்கூட மாற்றாத பழைய பாக்ஸில் அது உபத்திரவமாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்த சர்வீசில் செய்துகொள்ளலாம் என்றேன்.

டிரையலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். சார் ஓட்டினார், நான் பக்கத்தில், அம்மா பின்சீட்டில். அவிநாசி ரோட்டில் நான்கு சிக்னல் நின்று கிளம்பியும் ஒரு இடி இல்லை. ஐந்தாவது சிக்னலில் அவர் எஸ்டிமேட் தாளை மடித்து கையுறைப் பெட்டியில் வைத்தார். மகனிடம் காட்ட இருக்கும்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து போன். பின்னால் மழைச் சத்தம், ஹாரன்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கறேனுங்க. தண்ணி எவ்வளவுன்னு தெரியலை. முன்னால ஒரு பஸ் போயிடுச்சு. போலாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "வண்டியைத் திருப்புங்க."

போன் கட்டாயிற்று.