கேபி சாரோட சீரியல்களை ஏன் யாரும் பேசறதில்ல?

பாலசந்தர் பத்தி பேச்சு வந்தாலே அபூர்வ ராகங்கள், அவர்கள், தண்ணீர் தண்ணீர்னு படத்தோட நின்னுடறாங்க, நேத்து நண்பர்களோட பேசும்போதும் அதேதான் ஆச்சு. எனக்கு உண்மையிலேயே வருத்தம்ங்க. 1965-ல நீர்க்குமிழி எடுத்த மனுஷன், அத்தனை வெற்றிக்கு அப்புறம் ரயில் சினேகம், கையளவு மனசுன்னு டிவிக்கு வந்து அதே அக்கறையோட உழைச்சிருக்காரு, சின்னத்திரைதானேன்னு இளப்பமா நெனைக்கவே இல்ல.

அதுல சஹானா பத்தி தனியா சொல்லணும். 1985-ல வந்த சிந்து பைரவியில சிந்து தன்னோட குழந்தையை, அவ காதலிச்ச பாடகரோட மனைவி பைரவி கையில குடுத்துட்டு கிளம்பிடுவா இல்ல, அதுக்கப்புறம் அவங்க வாழ்க்கை என்ன ஆச்சுன்னு பல வருஷம் கழிச்சு அவரே சீரியலா சொன்னாரு. தன்னோட கேரக்டர்களை இவ்ளோ நாள் மனசுல சுமந்த டைரக்டர் எத்தனை பேர் இருப்பாங்க சொல்லுங்க! (மர்மதேசம் சீரியல் வரிசையில வந்த விடாது கருப்பு நாகா டைரக்ட் பண்ணது, ஆனா அதை தயாரிச்சது கேபி சாரோட மின்பிம்பங்கள் கம்பெனிதான், நெறைய பேருக்கு இது தெரியல.)

சிந்துவோட முடிவு படத்தோடயே நின்னிருக்கலாம்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான், நான் ஒத்துக்கல. சஹானா பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? கமென்ட்ல வாங்க, பேசலாம்.