பையன் முட்டிக்குள்ள காண்ட்ரோபிளாஸ்டோமா – கண்டுபிடிச்சதுல இருந்து ஆபரேஷன் வரைக்கும்

பத்தாவது படிக்கற பையன், ஸ்கூல் வாலிபால் டீம் வேற, முட்டி வலிக்குதுன்னா யாரு என்ன நினைப்பாங்க? விழுந்திருப்பான்னுதான். வீட்ல பாட்டி "வளர்ற புள்ளைக்கு காலு வலிக்கத்தான் செய்யும்"னு சொல்ல, ஸ்ப்ரே, நீ கேப், ரெஸ்ட்டுன்னு மாசக்கணக்கா ஓடிருச்சு. ஆனா அடிபட்ட வலின்னா ரெஸ்ட் எடுத்தா குறையணும்ல, இது ராத்திரி படுத்தப்புறம்தான் ஜாஸ்தியாச்சு. அப்புறம் ஒருநாள் ஷார்ட்ஸோட நின்னப்ப பாத்தா வலது தொடை இடதை விட நல்லா மெலிஞ்சு கிடக்கு, காலை முழுசா நீட்டவும் வரல.

எக்ஸ்ரேல முட்டிக்கு கீழ் எலும்போட மேல் நுனியில, குரோத் பிளேட்டுக்கும் (எலும்பு நீளமா வளர்ற இடம்) மேல, ஓரம் வெள்ளையா ஒரு ஓட்டை. எம்.ஆர்.ஐ எடுத்தா அந்த ஓட்டையை சுத்தி எலும்பு ஃபுல்லா நீர் கோத்திருக்கு, மூட்டுக்குள்ளயும் தண்ணி. ரிப்போர்ட்ல இன்ஃபெக்ஷனா இருக்கலாம், டிபியும் சேத்து பாக்கணும், இல்லன்னா காண்ட்ரோபிளாஸ்டோமான்னு (குருத்தெலும்புல வர்ற, கேன்சர் இல்லாத ஒரு கட்டி) போட்டிருந்தாங்க. எங்க ஊர்ல பாத்த டாக்டர் டிபி மாத்திரை ஆரம்பிச்சு பாப்போம்னார். எலும்பு டிபி கோர்ஸ்னா ஒரு வருஷம் கிட்ட, சில சமயம் அதுக்கும் மேல, லிவரை வேற பாத்துக்கிட்டே இருக்கணும், சதை டெஸ்ட் பண்ணாம அதை ஆரம்பிக்க எங்களுக்கு மனசு வரல. சென்னையில எலும்புக் கட்டி மட்டுமே பாக்கற ஒரு சர்ஜன்கிட்ட போனோம்.

அவர் சொன்னது இதுதான்: "அம்மா, இந்த வயசுல எலும்போட நுனியிலயே இப்படி வந்தா நாங்க முதல்ல ரெண்டை யோசிப்போம், ஒண்ணு டிபி, இன்னொன்னு குருத்தெலும்பு கட்டி. எம்.ஆர்.ஐல ரெண்டும் ஒரே மாதிரி பயமுறுத்தும்." உடனே சி.டி ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதை ஸ்க்ரீன்ல பெருசாக்கி காமிச்சப்பதான் புரிஞ்சுது, சாம்பல் கலர் ஓட்டைக்குள்ள கசகசா தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிங்க. குருத்தெலும்பு கட்டிக்குள்ள அங்கங்க சுண்ணாம்பு படியறதாம் அது. அதுக்காக அதை வச்சே முடிவு பண்ணல, பயாப்சி, அதான் சதை டெஸ்ட், கண்டிப்பா வேணும்னார்.

பயாப்சி பத்தி ஒண்ணு அழுத்திச் சொல்றேன், பக்கத்துல இருக்கற லேப்ல சீக்கிரம் எடுத்துரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஆபரேஷன் பண்ணப்போற டீமே எடுக்கணும், இல்ல ஊசி எந்தப் பக்கமா போகணும்னு அவங்க சொல்லி எடுக்கணும். ஏன்னா ரிசல்ட் ஒருவேளை மோசமா வந்தா ஊசி போன வழியையும் சேத்து வெட்டி எடுக்க வேண்டி வரும், அது ஆபரேஷன் கீறல்லயே அமையணும். எங்களுக்கு சி.டி பாத்துக்கிட்டே ஊசி போட்டாங்க, எடுத்த சதையில பாதி பேத்தாலஜிக்கு, பாதி டிபி டெஸ்ட்டுக்கும் கல்ச்சருக்கும். டிபி நெகட்டிவ், காண்ட்ரோபிளாஸ்டோமா கன்ஃபர்ம். கேன்சர் இல்லைன்னு கேட்டதும் அவங்கப்பா அங்கயே உக்காந்துட்டார். ரொம்ப அபூர்வமா இது நுரையீரலுக்கு போகுமாம், அதனால செஸ்ட் எக்ஸ்ரேயும் எடுத்தாங்க, க்ளியர்.

கேன்சர் இல்லேல்ல, அப்படியே விட்டா என்னன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. விட்டா வளர்ந்து மூட்டோட வழவழப்பான பரப்பையே உடைச்சிரும். சின்னதா இருந்தா ஊசி மாதிரி கம்பிய விட்டு சூட்டுல கருக்கற வைத்தியம் உண்டு, ஆர்.எஃப்.ஏம்பாங்க, இவனுக்கு பெருசு, மூட்டுக்கு ஒட்டியே இருக்கு, கருக்கினா மேல் பரப்பு உள்வாங்கிரலாம்னு வேணாம்னுட்டார். அதனால எலும்புல ஜன்னல் மாதிரி திறந்து சுரண்டி எடுத்து, பர்ர்ங்கற டிரில்லால சுவரையும் தேய்ச்சு, மருந்து தடவி, இடுப்பெலும்புல இருந்து எடுத்த எலும்பால அடைச்சாங்க. குரோத் பிளேட் பாதிச்சா கால் நீளம் கொஞ்சம் மாறலாம்னு முன்னாடியே சொல்லி கையெழுத்து வாங்கினாங்க, அவனுக்கு வளர்ச்சி முடியற கட்டம்ங்கறதால அவ்ளோ பயம் இல்லைன்னார். இன்சூரன்ஸ்காரங்க ட்யூமர்ங்கற வார்த்தைய பாத்ததும் கூடுதலா பேப்பர் கேட்டு இழுத்தது தனிக் கதை.

ஆபரேஷன் முடிஞ்சு அவன் கத்தினது முட்டிக்காக இல்ல, இடுப்புக்கு! எலும்பு எடுத்த இடம்தான் பயங்கர வலியாம், இதை யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டேங்கறாங்க. காலை ஊனாம வாக்கர்ல பல வாரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிட் போட்டு, பிசியோல தொடை தசைய திரும்ப கொண்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ராத்திரி வலி மட்டும் முதல் வாரத்துலயே போயிருச்சு.

இது திரும்ப வர்ற கட்டி, நூத்துல பத்துல இருந்து இருபது பேருக்கு வரலாம்னார், பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளயாம். அதனால சில மாசத்துக்கு ஒருதரம் எக்ஸ்ரே, ராத்திரி வலி மறுபடி வந்தா தேதி பாக்காம ஓடி வரணும். பழைய எம்.ஆர்.ஐ, சி.டி ஸ்கேன், பேத்தாலஜி ஸ்லைடு (எடுத்த சதைய வச்ச கண்ணாடி) எல்லாம் வாங்கி பீரோல வச்சிருக்கேன், வேற டாக்டர்கிட்ட போனா ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, ஸ்லைடையே கேப்பாங்க.

வச்ச எலும்பு நல்லா சேந்துருச்சுன்னு எக்ஸ்ரேல தெரியற வரைக்கும் குதிக்கக் கூடாதாம். இப்ப டீம் மேட்சுக்கு ஸ்கோர் எழுதறான், "ம்மா, சர்வீஸ் மட்டும் போடறேம்மா, அதுல எங்க குதிக்கறாங்க"ன்னு தினமும் ஒரு பஞ்சாயத்து.